வெளியூரில் இருந்தபடி வீட்டுக் கேமராவைப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டைப் பூட்டிவிட்டுச் சில நாட்களோ சில மாதங்களோ வெளியூரில் தங்கப்போகிறவர்கள், கைப்பேசியில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்யும்போது திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் இங்கே தந்திருக்கிறேன். உறவினர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் இதைச் செய்துகொடுத்த அனுபவத்தில், கேமராவே பழுதாகி நான் பார்த்தது மிக அரிது. மின்சாரம், இணையம், கடவுச்சொல் இவற்றில் ஏதோ ஒன்றுதான் கைவிட்டிருக்கிறது. ஆகவே அவற்றுக்கே இங்கு அதிக இடம் கொடுத்துள்ளேன்.

இதற்குக் கட்டாயம் தேவைப்படுபவை எவை?

கேமரா, அதற்கு இடைவிடாத மின்சாரம், வீட்டில் எப்போதும் இயங்கும் இணைய இணைப்பு, காட்சிகள் பதிவாக ஓர் இடம், கைப்பேசியில் அந்தக் கேமராவுக்குரிய செயலி ஆகிய ஐந்தும் வேண்டும். பதிவாகும் இடம் கேமராவுக்குள் செருகும் மெமரி கார்டாகவோ, எல்லாக் கேமராக்களும் வந்து சேரும் டிவிஆர் அல்லது என்விஆர் என்னும் பதிவுக் கருவியாகவோ, தயாரிப்பாளர் தரும் கிளவுட் சேமிப்பாகவோ இருக்கலாம். கோஆக்சியல் கேபிளில் இயங்கும் கேமராக்களுக்கு டிவிஆரும், நெட்வொர்க்கில் இயங்கும் ஐபி கேமராக்களுக்கு என்விஆரும் பொருந்தும். வீட்டில் ஏற்கெனவே டிவிஆர் இருந்தால் கேமராக்களை மாற்ற வேண்டியதில்லை. அதன் பின்புறத்தில் லேன் கேபிள் செருகும் இடம் இருந்து, தயாரிப்பாளரின் செயலியும் கிடைக்குமானால், ரூட்டரோடு ஒரு கேபிளால் இணைத்த அளவிலேயே எல்லாக் கேமராக்களையும் கைப்பேசியில் காண வழி பிறந்துவிடும்.

வைஃபை கேமரா வாங்கலாமா, கேபிள் வழி இயங்கும் கேமராவா?

கேபிள் இழுக்க வசதி இருந்தால் கேபிளையே தேர்ந்தெடுங்கள் என்பது என் துணிவான கருத்து. பிஓஇ எனப்படும் முறையில் ஒரே நெட்வொர்க் கேபிள் மின்சாரத்தையும் காட்சியையும் சேர்த்துச் சுமக்கிறது. 2003ஆம் ஆண்டில் வந்த அதன் முதல் தரநிலையே கேபிள் ஒன்றில் 15.4 வாட் வரை அனுப்புகிறது, கேபிளின் நீளம் 100 மீட்டர் வரை இருக்கலாம். கேமராவின் அருகில் தனியாக மின் இணைப்பு வேண்டாம் என்பதால், ஒரு யுபிஎஸ் வைத்து எல்லாக் கேமராக்களையும் காப்பாற்ற முடிகிறது. வைஃபை கேமராவுக்கோ ஒவ்வோர் இடத்திலும் ஒரு மின் இணைப்புத் தேவை. தடித்த சுவர்களைத் தாண்டும்போது சமிக்ஞையும் குறையும். விலை குறைந்த வைஃபை கேமராக்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே ஏற்கும் என்பதால், முதன்முறை இணைக்கும்போது கைப்பேசியும் அதே அலைவரிசையில் இருக்க வேண்டும். "க்யூஆர் குறியீட்டைக் காட்டினேன், கேமரா இணைய மறுக்கிறது" என்ற முறையீட்டுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

பேட்டரியில் இயங்கும் கேமராக்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. அவை பெரும்பாலான நேரம் உறங்கிக்கொண்டிருந்து, அசைவு தெரிந்தால் மட்டும் விழித்துப் பதிவு செய்கின்றன. விழிக்க எடுத்துக்கொள்ளும் அந்தச் சில நொடிகளில் வந்தவர் கடந்து போய்விடவும் கூடும். ஒரு மாதத்துக்கு மேல் வீடு பூட்டிக் கிடக்குமானால் அவற்றை மட்டும் நம்ப வேண்டாம்.

கேமராவை எங்கே, எந்த உயரத்தில் பொருத்துவது?

வீடு முழுவதும் ஒரே படத்தில் தெரிய வேண்டும் என்ற ஆசையில் கேமராவைக் கூரைக்கு அருகே ஏற்றிவிடுகிறார்கள். அப்படிப் பொருத்தினால் வருகிறவரின் தலையும் தோளும் தெரியும், முகம் தெரியாது. நுழைவாயிலுக்கு ஒரு கேமராவையாவது முகம் விழும்படி இரண்டு முதல் இரண்டரை மீட்டர் உயரத்தில், கைக்கு எட்டாத பக்கமாகப் பொருத்துங்கள்.

எவ்வளவு தொலைவு வரை முகம் தெளிவாக இருக்கும் என்பதற்குக் கணக்கு உண்டு. ஐஇசி 62676-4 என்னும் சர்வதேசத் தரநிலையின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு, ஆள் நடமாட்டம் இருப்பதை அறிய ஒரு மீட்டர் அகலத்துக்கு 25 பிக்சலும், தெரிந்தவரை இன்னார் என்று சொல்ல 125 பிக்சலும், முன்பின் அறியாதவரை ஐயமின்றி அடையாளம் காட்ட 250 பிக்சலும் வேண்டும் என வகுத்தது. 1080பி கேமராவின் படம் 1920 பிக்சல் அகலமுடையது. 250 ஆல் வகுத்தால் 7.68 மீட்டர் வருகிறது. அதாவது, படத்தில் விழும் காட்சி அதைவிட அகலமாக இருக்கும் தொலைவில் அந்நியரின் முகம் உறுதியாகத் தேறாது. ஏறத்தாழ 80 பாகை அகலம் காட்டும் 4 மி.மீ. லென்ஸில் இந்த எல்லை சுமார் நாலரை மீட்டர். 105 பாகை காட்டும் 2.8 மி.மீ. லென்ஸில் மூன்று மீட்டர்தான். அகலமாகக் காட்டும் லென்ஸ் எல்லாவற்றையும் சிறிதாக்கிக் காட்டுகிறது என்பதை மனத்தில் வைத்தால் தேர்வு எளிதாகும்.

சன்னல் கண்ணாடிக்கு உட்புறம் கேமராவை வைத்து வெளியே பார்க்கும் ஏற்பாடு பகலில் நன்றாக இருக்கும். இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, படம் முழுவதும் வெள்ளைப் பூச்சாகிவிடும். வேறு வழியே இல்லையென்றால் அந்த விளக்குகளை அணைத்துவிட்டு, வெளியே ஒரு விளக்கை எரியவிட வேண்டும்.

இணைய வேகம் எவ்வளவு வேண்டும்?

இங்கே நாம் கவனிக்க வேண்டியது பதிவேற்ற வேகம், ஏனெனில் காட்சி வீட்டிலிருந்து வெளியே செல்கிறது. இணைய நிறுவனங்கள் பெரிய எழுத்தில் விளம்பரம் செய்வது பதிவிறக்க வேகத்தையே. பதிவேற்றம் அதில் ஒரு சிறு பங்காகவும் இருக்கலாம். எச்.264 என்னும் காணொளிச் சுருக்க முறையில் நொடிக்கு 15 படச்சட்டங்கள் அனுப்பும் ஒரு 1080பி கேமராவுக்குச் சுமார் 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) தேவைப்படும், எச்.265 முறையில் ஏறக்குறைய அதில் பாதி போதும். நான்கு கேமராக்களை ஒரே நேரத்தில் முழுத் தரத்தில் பார்க்க 8 எம்பிபிஎஸ் ஆகும். கிட்டத்தட்ட எல்லாக் கேமராக்களும் தரம் குறைந்த துணைக் காட்சி ஒன்றையும் கூடவே அனுப்புகின்றன. வெளியூரில் அதைப் பார்த்துக்கொண்டு, ஐயம் எழும்போது மட்டும் முழுத் தரத்துக்கு மாறினால் சிறிய இணைப்பும் தாங்கும். மெமரி கார்டிலோ என்விஆரிலோ பதிவாவதற்கு இணையமே தேவையில்லை.

ரூட்டருக்குப் பின்னால் இருக்கும் கேமராவைச் செயலி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் பிற்காலத் தொல்லைகளில் பாதி குறையும். வீட்டுக்குள் கேமராவுக்கு ரூட்டர் தரும் முகவரி வீட்டுக்குள் மட்டுமே செல்லும். வெளியுலகுக்கு ரூட்டரின் பொது முகவரிதான் தெரியும். வெளியிலிருந்து கேட்காமல் வரும் எந்த அழைப்பையும் ரூட்டர் உள்ளே விடாது. ஆனால் உள்ளிருந்து வெளியே செல்லும் அழைப்பை அது தடுப்பதில்லை. அதனால், கேமரா மின்சாரம் பெற்றவுடன் தானே தயாரிப்பாளரின் சர்வரைத் தொடர்புகொண்டு "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்லிவைக்கிறது. நீங்கள் செயலியைத் திறந்ததும் அந்த சர்வர் இருவரையும் அறிமுகப்படுத்துகிறது. முடிந்தால் கைப்பேசியும் கேமராவும் நேரடியாகப் பேசிக்கொள்ளும், முடியாவிட்டால் காட்சி சர்வர் வழியாகவே வந்து சேரும். பெட்டியின் மேலும் கேமராவின் அடியிலும் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீடு இந்த அறிமுகத்துக்கான அடையாள எண்ணே. அதைப் படம் எடுத்துப் பொதுவெளியில் பகிரக் கூடாது என்று வலியுறுத்துவது இதனால்தான்.

பழைய முறையில், ரூட்டரில் போர்ட் எனப்படும் ஒரு நுழைவழியைத் திறந்துவிட்டு, வெளியிலிருந்து நேரே கேமராவுக்கு வழி அமைப்பார்கள். போர்ட் ஃபார்வர்டிங் எனப்படும் அந்த முறை இன்று பல இணைப்புகளில் செல்லுபடியாவதே இல்லை. பொது முகவரிகள் தட்டுப்பாடானதால், இணைய நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. சிஜிநாட் என்று இதற்குப் பெயர். உங்கள் இணைப்பு அந்த வகையா என்று அறிய, ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் வான் (WAN) முகவரியை, அதாவது இணைய நிறுவனம் ரூட்டருக்குத் தந்த முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினாலோ, உங்கள் பொது முகவரியைக் காட்டும் இணையதளம் சொல்லும் எண்ணிலிருந்து வேறுபட்டாலோ, நீங்கள் பகிர்ந்த முகவரியில் இருக்கிறீர்கள் என்று கொள்ளலாம். அப்போது எத்தனை மணி நேரம் போர்ட்டுகளோடு போராடினாலும் பயன் கிடைக்காது.

பொது முகவரி இருந்தால் போர்ட்டைத் திறந்துவைப்பதில் தவறு உண்டா?

உண்டு. திறந்த போர்ட் உங்களுக்கு மட்டும் தெரிந்த கதவாக இருக்காது. இணையம் முழுவதையும் இடைவிடாமல் துழாவிக்கொண்டிருக்கும் நிரல்கள் அதை விரைவிலேயே கண்டுவிடும். 2016இல் பரவிய மிராய் என்னும் தீநிரல், ஆலையிலேயே வைக்கப்பட்ட சுமார் 60 பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளை வரிசையாக முயன்று பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் ரூட்டர்களையும் கைப்பற்றியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று இணையதளப் பெயர்களுக்கு உரிய முகவரிகளைக் காட்டித்தரும் டைன் என்னும் நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலில் அவை பயன்பட்டு, பல பெரிய இணையதளங்கள் மணிக்கணக்கில் திறக்காமல் போயின. உரிமையாளர்களுக்கோ தங்கள் கேமராவில் எந்த மாற்றமும் தெரியவில்லை.

தயாரிப்பாளரின் சர்வரை நம்ப விரும்பாதவர்களுக்கு விபிஎன், அதாவது இணையத்தின் ஊடே வீட்டு நெட்வொர்க் வரை செல்லும் பாதுகாப்பான தனிப்பாதை, நல்ல வழி. வயர்கார்டு, ஓப்பன்விபிஎன் ஆகிய விபிஎன் முறைகளை ஏற்கும் ரூட்டர்கள் இப்போது எளிதில் கிடைக்கின்றன. கைப்பேசி முதலில் விபிஎன் வழியாக வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழைந்து, அதன்பின் வீட்டுக்குள் இருப்பதைப் போலவே கேமராவைத் திறக்கும். சிஜிநாட் உள்ள இணைப்பிலும் டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் இதைச் செய்துகொடுக்கின்றன. எந்த வழியில் சென்றாலும், ரூட்டரில் யுபிஎன்பி என்னும் வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் கேமரா உங்களைக் கேட்காமலே போர்ட்டைத் திறந்துகொள்ளும்.

கடவுச்சொல் விஷயத்தில் எவ்வளவு கவனம் போதுமானது?

கேமராவுக்கு, ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்கு, வைஃபைக்கு, செயலிக் கணக்குக்கு என்று நான்கு வெவ்வேறு கடவுச்சொற்கள் வேண்டும். இவற்றில் செயலிக் கணக்கே மிக முக்கியமானது. வேறு ஏதோ ஓர் இணையதளத்திலிருந்து கசிந்த உங்கள் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் இங்கேயும் பொருந்துமானால், உங்கள் வரவேற்பறை அந்நியருக்குத் திறந்து கிடக்கிறது என்றே பொருள். இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருந்தால் தயங்காமல் இயக்குங்கள், ஆனால் அதன் குறியீடு எந்த எண்ணுக்கு வருகிறது என்பதைப் பாருங்கள். வெளிநாடு சென்றதும் அந்த எண்ணை அணைத்து வைப்பவர்கள், கணக்குக்குள் நுழைய முடியாமல் தாங்களே வெளியே நிற்கிறார்கள். மென்பொருள் புதுப்பிப்பைப் புறப்படும் நாளில் செய்யாமல் ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். அதன்பின் ஏதாவது கோளாறு வந்தால் சரிசெய்ய அவகாசம் இருக்கும்.

எத்தனை நாள் பதிவு தங்கும்?

இடைவிடாமல் 2 எம்பிபிஎஸ் வேகத்தில் பதிவு செய்யும் ஒரு கேமரா நாளொன்றுக்கு 21.6 ஜிபி எடுத்துக்கொள்ளும். 128 ஜிபி மெமரி கார்டு ஐந்து முதல் ஆறு நாட்கள் தாங்கும். நான்கு கேமராக்கள் சேர்ந்த 1 டிபி ஹார்டு டிஸ்க் பதினொரு நாட்கள் தாங்கும். அதன்பின் பழையதன்மேல் புதியது எழுதப்படும். அசைவின்போது மட்டும் பதிவு செய்யும்படி வைத்தால் இது பல மடங்கு நீளும். மெமரி கார்டு வாங்கும்போது, கண்காணிப்புக்கென்றே செய்யப்பட்ட ஹை எண்டியூரன்ஸ் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஓயாமல் எழுதி அழிக்கும் வேலைக்குச் சாதாரணக் கார்டு ஏற்றதல்ல. கெட்டுப்போனாலும் நேரடிக் காட்சி வந்துகொண்டே இருப்பதால், பதிவு நின்றது எவர் கண்ணிலும் படாது.

திருடர் பதிவுக் கருவியையே எடுத்துச் சென்றுவிட்டால்?

தொலைக்காட்சிக்குக் கீழே பளிச்சென்று வைக்கப்பட்ட டிவிஆர் முதலில் போகும் பொருள்களில் ஒன்று. அதைப் பூட்டிய அலமாரியிலோ பரண்மேலோ, காற்றோட்டம் உள்ள இடத்தில் வையுங்கள். வாயிற்புறக் கேமராவுக்கு மட்டுமாவது கிளவுட் பதிவோ மெமரி கார்டோ கூடுதலாக இருக்கட்டும்.

மின்சாரம் போனால் என்ன ஆகும்?

யுபிஎஸ் இல்லையென்றால் எல்லாம் ஒரே நொடியில் அணையும். எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைக் கூட்டிப் பாருங்கள்: ரூட்டர் 10 வாட், பதிவுக் கருவி 15 வாட், கேமரா ஒன்றுக்கு 5 வாட் வீதம் நான்குக்கு 20 வாட், மொத்தம் 45 வாட். சிறிய யுபிஎஸ்களில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் காகிதக் கணக்குப்படி 84 வாட்-மணி இருந்தாலும், இழப்புகள் போக இந்தச் சுமைக்கு ஒரு மணி நேரம் தாங்கினாலே அதிகம். ரூட்டருக்கு மட்டும் தனியாக ஒரு சிறிய டிசி யுபிஎஸ் வைத்தால் அது இன்னும் நெடுநேரம் தாங்கும்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. ஃபைபர் இணைப்பில் ரூட்டருக்கு முன்பாகச் சுவரில் சிறு பெட்டி ஒன்று தனியாக இருக்கலாம். அதற்கும் யுபிஎஸ்ஸிலிருந்து மின்சாரம் தராவிட்டால், ரூட்டர் உயிரோடு இருந்தும் இணையம் இராது. ஊரில் இருக்கும்போதே மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, எது அணைகிறது, எது எரிகிறது என்று நேரில் பாருங்கள். மீண்டும் ஏற்றியபின் எல்லாக் கேமராக்களும் தாமாகவே இணைகின்றனவா என்பதையும் பாருங்கள்.

அறிவிப்புகள் ஓயாமல் வருகின்றன, என்ன செய்வது?

ஒருமுறை வெளியூரில் இருந்தபோது, நள்ளிரவிலிருந்து விடியும் வரை என் கைப்பேசிக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட அறிவிப்புகள் வந்தன. ஒவ்வொன்றிலும் படத்தின் நடுவே வெள்ளைக் கயிறு போன்ற ஏதோ ஒன்று அசைந்துகொண்டிருந்தது. கேமராவின் முகப்பில் சிலந்தி ஒன்று வலை பின்னியிருக்கிறது என்று புரிய வெகுநேரம் பிடித்தது. இரவில் கேமராவைச் சுற்றிப் பூச்சிகள் வருகின்றன, பூச்சிகளைத் தேடிச் சிலந்தி வருகிறது. லென்ஸுக்கு ஓர் அங்குலம் முன்னால் இருக்கும் இழை அகச்சிவப்பு ஒளியை அப்படியே திருப்பி அனுப்பி, ஆள் அளவுக்குத் தெரிகிறது. மறுநாள் பக்கத்து வீட்டு அம்மா நீண்ட துடைப்பத்தால் அதைத் தட்டிவிட்டார்கள்.

படத்தில் பிக்சல் மாறுவதை மட்டும் கவனிக்கும் பழைய முறைக்கு மழை, மரநிழல், வாகன விளக்கு எல்லாமே அசைவுதான். மனித உருவத்தை மட்டும் பிரித்தறியும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். தெருவும் மரமும் விழும் பகுதியைக் கண்காணிப்பு எல்லையிலிருந்து நீக்குங்கள். வெப்பத்தை உணரும் பிஐஆர் உணரி உள்ள கேமரா, நேராக எதிர்கொண்டு வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரை நன்றாக உணரும் என்பதையும், கண்ணாடி வழியே அது வேலை செய்யாது என்பதையும் கருத்தில் கொண்டு திசையை அமையுங்கள். அறிவிப்புகளை அடியோடு அணைத்துவிட வேண்டாம்.

மாறாக, அறிவிப்பே வருவதில்லையே?

பெரும்பாலும் கைப்பேசியின் பேட்டரிச் சேமிப்பு வசதி, பின்னணியில் இருக்கும் செயலியை உறங்க வைத்திருக்கும். கேமராச் செயலிக்கு மட்டும் அதிலிருந்து விலக்குக் கொடுங்கள்.

வெளியூரில் இருக்கும்போது கேமரா ஆஃப்லைன் என்று காட்டினால்?

முதலில் எத்தனை கேமராக்கள் என்று பாருங்கள். எல்லாமே ஒரே நேரத்தில் போயிருந்தால் மின்சாரமோ இணையமோ போயிருக்கிறது. ஒன்று மட்டும் போயிருந்தால் அந்தக் கேமராவின் அடாப்டரையோ கேபிளையோ வைஃபை சமிக்ஞையையோ சந்தேகியுங்கள். எல்லாம் போனபோது பெரும்பாலும் தீர்வு, ரூட்டரின் பிளக்கைப் பிடுங்கி அரை நிமிடம் கழித்துச் செருகுவதுதான்; அதற்கு ஒரு கை வேண்டும். ஆகவே, சாவி வைத்திருக்கும் ஒருவரையும் இந்த ஏற்பாட்டின் ஓர் உறுப்பாகவே கருதுங்கள். புறப்படும் முன் அவரை அழைத்து, ரூட்டர் இருக்கும் இடத்தையும் பிடுங்க வேண்டிய பிளக்கையும் காட்டி, அந்தப் பிளக்கில் ஒரு வண்ண நாடாவையும் ஒட்டிவிடுங்கள். தொலைபேசியில் "கறுப்புப் பெட்டி, இரண்டாவது ஒயர்" என்று விளக்கிக்கொண்டிருப்பதைவிட "சிவப்பு நாடா" என்பது எவ்வளவோ மேல்.

பக்கத்து வீடும் தெருவும் படத்தில் விழலாமா?

முடிந்தவரை விழாமல் திருப்புங்கள். தவிர்க்க முடியாத பகுதியைச் செயலியில் உள்ள மறைப்பு வசதியால் கறுப்பாக்குங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. வீட்டுக் கேமரா பொதுப்பாதையையும் பதிவு செய்யுமானால் அதை முற்றிலும் சொந்த வீட்டு விவகாரமாகக் கருத முடியாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஒலிப்பதிவுக்குப் பல இடங்களில் விதிகள் இன்னும் கடுமையானவை. தேவையில்லையென்றால் ஒலியை அணைத்துவிடுவதே முறை. வீட்டைச் சுத்தம் செய்யவோ செடிக்குத் தண்ணீர் ஊற்றவோ வருகிறவர்களிடம் கேமரா இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்கள் நம்மை நம்பி வருகிறார்கள்.

குடும்பத்தில் மற்றவர்களும் பார்க்க வேண்டும், கடவுச்சொல்லைக் கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். செயலியில் உள்ள பகிர்வு வசதி மூலம் அவரவர் கணக்கிலிருந்து பார்க்கும்படி செய்தால், வேண்டாதபோது ஒருவரை மட்டும் நீக்க முடியும். கேமராவை விற்கும்போதோ கைமாற்றும்போதோ கணக்கிலிருந்து விடுவித்து, ரீசெட் செய்து, மெமரி கார்டைக் கழற்றிக்கொள்ள மறக்காதீர்கள்.

புறப்படும் முன் எப்படிச் சோதிப்பது?

வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு செயலியைத் திறந்து, படம் வருவதைப் பார்த்து மன நிறைவு அடைவதே மிகப் பரவலான தவறு. அப்போது காட்சி வீட்டுக்குள்ளேயே சுற்றி வருகிறது. கைப்பேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் தெருமுனை வரை நடந்து சென்று திறந்து பாருங்கள். நேரடிக் காட்சி வந்தால் போதாது. நேற்று இரவு ஒரு மணியின் பதிவையும் திறந்து பாருங்கள். இரவில் வீட்டிலுள்ள ஒருவரை வாசல் வரை நடக்கச் சொல்லி, அறிவிப்பு எத்தனை நொடியில் வருகிறது என்றும், படத்தை நிறுத்தினால் முகம் தெரிகிறதா என்றும் கவனியுங்கள். கேமராவின் கடிகாரமும் நேர மண்டலமும் சரியாக இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பாருங்கள். இவ்வளவையும் குறைந்தது ஒரு வாரம் முன்பே செய்யுங்கள்.

உண்மையிலேயே அந்நியர் ஒருவர் படத்தில் தெரிந்தால்?

பதறாமல் முதலில் அந்தக் காட்சியைக் கைப்பேசியில் சேமியுங்கள். பதிவுக் கருவி உடைக்கப்பட்டாலும் அது உங்களிடம் இருக்கும். உடனே காவல்துறையை அழைத்து, முகவரியையும், எத்தனை பேர், எந்த வழியாக நுழைந்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். உங்கள் வீடு இருக்கும் பகுதியின் காவல் நிலைய நேரடி எண் முன்பே கைப்பேசியில் இருக்க வேண்டும். வேறு ஊரிலிருந்து அவசர எண்ணை அழைத்தால், அது நீங்கள் இருக்கும் ஊரின் கட்டுப்பாட்டு அறைக்கே செல்லக்கூடும். சாவி வைத்திருப்பவரிடம் தகவல் சொல்லுங்கள், ஆனால் காவலர் வரும்வரை வீட்டுக்கு அருகில் போக வேண்டாம் என்று கண்டிப்பாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கேமராவின் ஒலிபெருக்கியில் குரல் கொடுத்தால் சிலர் ஓடிவிடுவார்கள், சிலர் கேமராவை உடைப்பார்கள். ஆகவே காட்சியைச் சேமித்து, காவல்துறைக்குத் தகவல் தந்த பிறகே அதைச் செய்யுங்கள். அன்றைய முழுப் பதிவும் மேலெழுதப்பட்டு அழியும் முன், நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு பென் டிரைவில் நகலெடுத்து வைக்கச் சொல்லுங்கள்.